செய்வினைக்கு எழுவாய் இல்லை

ஆழ்வார்பேட்டைத் தெருக்களில் டிரான்ஸ்பார்மர் பெட்டி இருந்தால் அதன்மேல் ஒரு நோட்டீஸும் இருக்கும். வாடகைக்கு வீடு, வீட்டிலேயே டியூஷன், பழைய ஏ.சி. வாங்கப்படும் என்பவற்றுக்கு நடுவே, மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில் ஒன்று: பில்லி, சூனியம், ஏவல், செய்வினை நீக்கித் தரப்படும். கீழே ஒரு கைப்பேசி எண். நான்கு சொற்களும் சேர்ந்துதான் வரும். யாரும் தனித்தனியாகப் பொருள் கேட்பதில்லை. பயம் மொத்தமாக விற்பனைக்கு வருகிறது.

ஆனால் இந்த நான்கில் இரண்டைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறார்கள். ஏவல் என்றால் ஏவல் வினைமுற்று: வா, போ, கொடு. செய்வினை என்றால் செயப்பாட்டுவினைக்கு எதிரானது. தச்சர் நாற்காலியைச் செய்தார் என்பது செய்வினை. நாற்காலி தச்சரால் செய்யப்பட்டது என்பது செயப்பாட்டுவினை. தேர்வில் இரண்டு மதிப்பெண். அதே சொல் எப்படி வாசற்படிக்கு அடியில் புதைத்த பொம்மைக்கும் பெயராயிற்று? அதைத் தேடிப் போனால் இலக்கணமும் மாந்திரீகமும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய பங்காளிகள் என்று தெரிகிறது.

முதலில் மற்ற மூன்றையும் பார்த்துவிடலாம். பில்லி என்றால் தெலுங்கில் பூனை, இந்தியிலும் அதுவே. மந்திரவாதியின் கறுப்புப் பூனைதான் சொல்லுக்கு மூலம் என்று கதை கட்டுவோர் உண்டு. தமிழ்ப் பேச்சில் அது சூனியத்தோடு ஒட்டிக்கொண்டே வாழ்கிறது.

சூனியத்தின் கதை பெரியது. வடமொழியில் அது வெறுமை. பௌத்தர்களுக்கு ஒரு தத்துவம், கணக்கர்களுக்கு ஓர் எண். அந்த எண் அரபு நாட்டுக்குப் போனபோது, வெறுமை என்றே பொருள் தரும் ஸிஃப்ர் என்ற சொல்லை அதற்குச் சூட்டினார்கள். 1202இல் ஃபிபொனாச்சி எழுதிய கணக்கு நூலில் அது ஸெஃபிரம் ஆயிற்று. அங்கிருந்து ஒரு கிளை ஸீரோ, இன்னொரு கிளை சைஃபர். நம் தாத்தாக்கள் பரீட்சையில் வாங்கிய சைபர் இதுதான். இப்போது செய்தியில் அடிபடும் சைபர் கிரைமுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கவனிக்க வேண்டியது வேறு. ஐரோப்பாவில் சைஃபர் என்பது நாளடைவில் மறைமொழி, ரகசிய எழுத்து என்று பொருள்பட்டது. தமிழில் சூனியம் ரகசியத் தீங்கு என்று பொருள்பட்டது. இரண்டு ஊர்களிலும் வெறுமை, மறைவாகத்தான் முடிந்திருக்கிறது.

சொற்கள் இப்படிக் கீழிறங்குவது மட்டும் இல்லை, மேலேறுவதும் உண்டு. அதற்குச் சாட்சி இந்தப் பேட்டையின் பெயரே. மயிலாப்பூரில் ஒரு கிணற்றில் செவ்வல்லிப் பூவில் அவதரித்ததாக வைணவ மரபு சொல்லும் பேயாழ்வாரை நினைத்தே ஆழ்வார்பேட்டை என்ற பெயர் வந்தது என்பார்கள். பக்திப் பித்து தலைக்கேறிய நிலைக்குப் பேய் என்று பெயரிட்டு, அந்தப் பேயை அடியார் வரிசையில் உட்கார்த்தி வைத்த மொழி இது. தத்துவச் சொல்லாக வந்த சூனியத்தைத் தரையில் புதைத்ததும் இதே மொழிதான்.

ஏவல் எளிது. ஏவு என்றால் அனுப்பு, கட்டளையிடு. ஏவலாள், ஏவுகணை எல்லாம் அதிலிருந்தே. மாந்திரீகத்தில் ஏவல் என்றால், ஒன்றை இன்னொருவர்மேல் அனுப்புவது. இதற்குத் தமிழர் அறிந்த பெருங்கதை தாருகாவனம். கந்த புராணத்திலும் வரும் அந்தக் கதையில், கர்வம் கொண்ட முனிவர்கள் பிட்சாடனராக வந்த சிவன்மேல் தீங்கு தேடும் ஆபிசார வேள்வி நடத்திப் புலியை ஏவுகிறார்கள், பாம்பை ஏவுகிறார்கள், கடைசியில் முயலகனை ஏவுகிறார்கள். புலித்தோல் உடையாகிறது, பாம்பு அணியாகிறது, முயலகன் காலடியில் கிடக்கிறான். மயிலாப்பூர்ப் பங்குனிப் பெருவிழாவில் பிட்சாடனர் மாட வீதி சுற்றி வரும்போது கும்பிடுகிறவர்கள் கும்பிடுவது, தன்மேல் ஏவப்பட்டதை எல்லாம் உடுத்திக்கொண்டு நிற்கும் சாமியைத்தான். நடராசர் சிலை ஒவ்வொன்றின் அடியிலும் தோற்றுப்போன ஓர் ஏவல் படுத்திருக்கிறது.

இனிச் செய்வினை.

பழந்தமிழில் இந்தச் சொல்லுக்குத் தீட்டு எதுவும் இல்லை. வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தில் இதை எடுத்தாளும்போது, மேற்கொண்ட காரியம் என்பதே பொருள். பிறகு வினை என்ற சொல்லில் முற்பிறவிக் கணக்கு ஏறியது. நல்வினை, தீவினை, ஊழ்வினை என்று கிளைத்தது. இலக்கண ஆசிரியர்களோ அதை வாக்கியத்தின் உயிர்நாடிக்குப் பெயராக வைத்தார்கள். காரியம், கருமம், வினைச்சொல், மாந்திரீகம் நான்குமே ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

சொல்லின் அமைப்பைப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். செய்வினை ஒரு வினைத்தொகை. செய்த வினை, செய்கின்ற வினை, செய்யும் வினை மூன்றாகவும் விரியும். காலத்தைக் காட்டும் உருபு உள்ளே மறைந்திருக்கும். ஊறுகாய், சுடுசோறு எல்லாம் இதே வகைதான். ஆனால் ஊறுகாய் எந்தக் காலத்தில் ஊறியது என்று யாருக்கும் கவலை இல்லை. செய்வினை என்ற சொல்லில் பயமே அந்த மறைந்த காலத்தில்தான் இருக்கிறது. முன்பே செய்துவிட்டார்களா, இப்போது செய்துகொண்டிருக்கிறார்களா, இனிமேல்தான் செய்வார்களா?

காலம் மட்டுமா மறைந்திருக்கிறது? பேச்சு வழக்கைக் கேளுங்கள். "அந்தக் குடும்பத்துக்கு யாரோ வச்சுட்டாங்க." "கடை ஓடலைன்னா என்ன, செஞ்சிருப்பாங்க." எதை வைத்தார்கள், எதைச் செய்தார்கள் என்று சொல்வதில்லை, சொன்னால் வாயில் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோலச் செயப்படுபொருளை விழுங்கிவிடுகிறோம். யார் என்பதும் இல்லை. யாரோ, அவங்க, வேண்டாதவங்க. வினைமுற்று படர்க்கைப் பன்மையில் நிற்கிறது, எழுவாய் காணாமல் போயிருக்கிறது. "நான் செய்வினை வைத்தேன்" என்று தன்மை ஒருமையில் இந்தச் சொல்லை யாரும் ஆள்வதில்லை. பாதிக்கப்பட்டதாக நினைப்பவரின் வாயில் மட்டுமே வாழும் சொல் இது.

செய்தவரைச் சொல்லாமல் விடுவது தமிழுக்குக் கைவந்த கலை. செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்வதும் வழக்கு என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். திண்ணை மெழுகிற்று என்பது உரைகாரர்கள் காட்டும் உதாரணம். திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது என்பது எல்லோருக்கும் தெரியும். பால் பொங்கிடுச்சு, டம்ளர் உடைஞ்சிடுச்சு என்று இன்றும் சமையலறையில் அதன் சாயல் கேட்கிறது. அடுப்படியில் நின்றவர் வாக்கியத்துக்கு வெளியே போய்விடுகிறார்.

இது தமிழின் தனிக்குணமோ என்றால் அதுவும் இல்லை. அதர்வ வேதம் சூனியத்தைக் கிருத்யா என்று அழைக்கிறது. செய்தல் என்ற வேரிலிருந்து பிறந்த சொல். செய்வினைக்கு உடன்பிறந்தாள் என்றே சொல்லலாம். அதன் பத்தாம் காண்டத்து முதல் சூக்தத்தில் கிருத்யா கையால் செய்யப்பட்ட உருவமாக வருகிறாள். தலை உண்டு, மூக்கு உண்டு, காது உண்டு, மணப்பெண்ணைப்போல் அலங்காரமும் உண்டு. செய்தது அரசனோ, பெண்ணோ, அந்தணனோ, யாரானாலும் அவரிடமே திரும்பிப் போ என்று சூக்தம் அவளை விரட்டுகிறது. புதைத்து வைக்கும் மந்திரப் பொருளுக்கு வலகம் என்று தனிப்பெயர். அசுரர்கள் புதைத்த வலகங்களைத் தேவர்கள் கை ஆழத்துக்குத் தோண்டி எடுத்ததாகச் சதபத பிராமணம் சொல்கிறது. நம் ஊர்ப் பூசாரி வீட்டு முற்றத்தைத் தோண்டித் தகட்டை எடுத்துக் காட்டுகிறாரே, அதற்கு வேத காலத்திலேயே முன்மாதிரி இருந்திருக்கிறது. வைப்பு, எடுப்பு என்ற இரட்டைத் தொழில் அவ்வளவு பழையது.

ஆழ்வார்பேட்டையிலிருந்து லஸ் பக்கம் நடந்தால் போர்த்துகீசியர் கட்டிய பிரகாச மாதா கோயில் வரும். மயிலாப்பூர்க்காரர்களுக்கு அது காட்டுக் கோயில். அங்குள்ள கல்வெட்டு 1516 என்று ஆண்டு சொல்கிறது. சாந்தோமில் குடியேறிய அந்தப் போர்த்துகீசியர் மொழியிலும் சூனியத்துக்கு ஒரு சொல் இருந்தது: ஃபெய்திசோ. செய்யப்பட்டது என்று பொருள் தரும் லத்தீன் சொல்லின் பேரன் அது. கோயிலுக்கு அந்தப் பக்கம் ஃபெய்திசோ, இந்தப் பக்கம் செய்வினை. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமலே இரண்டு கூட்டமும் ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தப் போர்த்துகீசியச் சொல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அங்குள்ளோரின் வழிபாட்டுப் பொருள்கள்மேல் ஒட்டி, பிரெஞ்சில் ஃபெத்தீஷ் ஆகி, 1760இல் ஷார்ல் த புரோஸ் எழுதிய நூலில் மத ஆராய்ச்சிச் சொல்லாகி, 1867இல் மார்க்ஸின் மூலதனத்தில் பண்டங்களைச் சூழ்ந்த மாயைக்குப் பெயராயிற்று. செய்த கையை மறைத்துவிட்டுப் பொருள் தானே உயிரோடு நிற்பதுபோல் தோன்றுவதைத்தான் அவர் சொன்னார். செய்வினைக்கு இதைவிட நல்ல உரை கிடைக்காது.

ஒரு தொழில் நடக்க எட்டுக் கூறுகள் வேண்டும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் கணக்கிடுகிறார்: வினை, செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயன் கருதி. அவர் வாக்கியத்துக்காகச் சொன்னார். இந்த எட்டையும் உலகம் முழுக்கக் கிடைத்த சூனியப் பொருள்களில் பொருத்திப் பார்த்தால் ஒன்று விளங்கும்.

இடத்தையும் காலத்தையும் மறைக்க முடிவதில்லை. நம்மிடம் முச்சந்தி, வாசற்படி, சுடுகாடு, அமாவாசை. ஏதென்ஸில் கெராமெய்கோஸ் மயானம். ரோமில் அன்னா பெரென்னா என்ற பெண் தெய்வத்தின் ஊற்று. 1999இல் யூக்ளிட் சதுக்கத்தில் தரையடிக் கார் நிறுத்தம் கட்டத் தோண்டியபோது அது வெளிப்பட்டது.

கருவி எல்லாவற்றையும்விடப் பேசுகிறது. எட்கர் தர்ஸ்டன் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர். தென்னிந்திய நம்பிக்கைகள் பற்றி 1912இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு மரப்பாவை வருகிறது. 1903இல் கோழிக்கோட்டுக் கடற்கரையில் ஒதுங்கியது. ஏழிலைப்பாலை மரத்தில் ஆளுயரத்துக்குச் செதுக்கிய பெண்ணுருவம். பாதங்கள் பின்பக்கம் திரும்பியிருந்தன. தலை, உடல், கைகால் எங்கும் நீள ஆணிகள். தொப்புளுக்கு மேலே சதுரமாக ஒரு குழி. மேனியெங்கும் அரபு எழுத்துக் கிறுக்கல். அதே நூலில் பதினோரு அங்குல உயரத்தில் இன்னொரு பாவை: கைகூப்பி வணங்கும் கோலம், வயிற்றில் மூடி போட்ட அறை, உள்ளே முடி, புகையிலை, கஞ்சா என்று தோன்றுபவை, பின்தலையிலிருந்து வயிறு வரை இறங்கிய இரும்புக் கம்பி, மார்பிலும் முதுகிலுமாகப் பன்னிரண்டு குத்துகள். கும்பிட்ட கையோடு குத்து வாங்கும் அந்தச் சிறு உருவம் யாருடையது?

ரோம் ஊற்றில் கிடைத்தவை இவற்றைவிடச் சிறியவை. காலம் கி.பி. 4ஆம் நூற்றாண்டை ஒட்டியது. மெழுகும் மாவும் பிசைந்து செய்த பாவைகள், ஒவ்வொன்றும் ஈயக் குப்பிக்குள், அந்தக் குப்பி இன்னொரு ஈயக் குப்பிக்குள், அதுவும் மூன்றாவதற்குள். மூடிகள் இறுக அடைக்கப்பட்டிருந்தன.

ஏன் ஈயம்? ஏதென்ஸுக்குப் பக்கத்து லௌரியோன் சுரங்கத்தில் வெள்ளி எடுக்கும்போது மிஞ்சுவது ஈயம்; மலிவு. மிருது, ஆணியால் கீறினால் எழுத்து விழும், சுருட்டினால் சுருளும். குளிர்ந்தது, மங்கியது, கனத்தது. இந்த ஈயம்போல் இன்னாரும் சில்லிட்டுப் பயனற்றுப் போகட்டும் என்று எழுதிய சாபத் தகடுகளே உண்டு. நமக்கு ஈயம் என்றதும் ரசம்தான் மணக்கும். ஈயச் சொம்பு ரசத்துக்கு இணை இல்லை என்று சத்தியம் செய்யும் வீடுகள் ஆழ்வார்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் ஏராளம். அது வெள்ளீயம். சூனியக் குப்பி காரீயம். பேச்சில் இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர் என்பதால், பாத்திரக் கடையில் கேட்டு வாங்கும்போது கவனம் வேண்டும். காரீயத்தின் நஞ்சுக்கு மந்திரம் தேவையில்லை.

செயப்படுபொருளைப் பற்றி இந்தத் தகடுகள் மிகக் கறாராக இருக்கின்றன. கெராமெய்கோஸில் ஒரு கல்லறையில் கிடைத்த ஈயப் பெட்டி சவப்பெட்டி வடிவில் உள்ளது. காலம் ஏறக்குறைய கி.மு. 400. உள்ளே கைகள் முதுகுப்புறம் கட்டப்பட்ட ஈயப்பாவை. அதன் வலது காலில் ம்னேசிமகோஸ் என்று பெயர் கீறியிருக்கிறது. மூடியில் அவனோடு சேர்த்து ஒன்பது பேர். பிறகு, இவர்கள் பக்கம் வாதாடுவோர், சாட்சி சொல்வோர் வேறு எவராயினும் அவர்களும். வழக்கு மன்றச் சண்டை என்று புரிந்துவிடுகிறது. பயன் தெரிகிறது, ஆள் தெரிகிறது, அக்கம்பக்கத்து ஆள்கூடத் தெரிகிறது. பிற்காலத் தகடுகளில் ஆளைத் தாயின் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். தந்தை யார் என்பதில் சந்தேகம் வரலாம், பெற்றவள் யார் என்பதில் வராது அல்லவா? தெய்வத்துக்கு முகவரி தப்பிவிடக்கூடாது. கோயில் அர்ச்சனையில் பெயரோடு நட்சத்திரமும் சொல்லும் நமக்கு இந்தக் கவலை புரியும்.

ஆனால் கெராமெய்கோஸ் பெட்டியில் வழக்காடியவன் பெயர் இல்லை. எட்டில் ஏழு இருக்கும், எழுவாய் இருக்காது. தீங்கு கோரும் தகடுகள் பெரும்பாலும் இப்படித்தான்.

விலக்கு ஒன்று உண்டு. அது விதியைத்தான் உறுதி செய்கிறது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து வந்த ஒரு களிமண் பெண்பாவை இருக்கிறது. பதின்மூன்று ஊசிகள் குத்தி, ஈயத் தகட்டோடு பானையில் வைத்திருந்தார்கள். தகட்டில் பெண்ணின் பெயர் தொலெமாய்ஸ். அவளை விரும்பியவன் சரபம்மோன் என்பதும் இருக்கிறது. காதலுக்காகக் கட்டும்போது பெயர் சொல்லியே தீர வேண்டும்; அவள் யாரிடம் வர வேண்டும் என்று தெய்வத்துக்குத் தெரிய வேண்டாமா? வர வேண்டும் என்றால் எழுவாய் வெளியே வரும். ஒழிய வேண்டும் என்றால் ஒளிந்துகொள்ளும்.

ரோம் குப்பிகளில் ஒரு விசித்திரம் நடந்தது. மூடியை அடைத்தவரின் கைரேகை பிசினில் பதிந்திருந்தது. ஆராய்ந்தவர்கள் அது ஒரு பெண்ணுடையதாகவோ இளவயது ஆணுடையதாகவோ இருக்கலாம் என்றார்கள். பதினாறு நூற்றாண்டுக்குப் பிறகு எழுவாய் விரல்நுனி மட்டும் காட்டியிருக்கிறது.

எழுவாய் இல்லாத வாக்கியம் காதுக்கு நிறைவு தராது. கேட்பவர் அந்த இடத்தை நிரப்பப் பார்ப்பார். தகடு எடுக்க வந்தவர், கிழக்கே இருக்கும் உறவுப் பெண், கறுத்த மேனி, நெருங்கிப் பழகியவள் என்று சாடையாகச் சொன்னால் போதும். வீட்டார் மனம் ஒரு பெயரைக் கொண்டுவந்து பொருத்திவிடும். பெரும்பாலும் அது விதவையாகவோ, தனியாக இருப்பவளாகவோ, பங்கு கேட்கும் நாத்தனாராகவோ இருக்கும். செய்வினை என்ற சொல் செய்யும் உண்மையான கெடுதல் இந்த இடத்தில்தான். பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்தி அடித்துக் கொன்ற கொடுமைகளால் பீகார் 1999இல் தனிச்சட்டம் கொண்டுவந்தது. மகாராஷ்டிரத்தில் அத்தகைய சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடிய நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே சட்டம் வந்தது. கர்நாடகம் 2017இல் இயற்றியது. பொம்மைக்குக் குத்திய ஊசியால் செத்தவர் யாரும் இல்லை. காலியாக இருந்த எழுவாயில் தன் பெயர் விழுந்ததால் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மஞ்சள் நோட்டீஸின் இலக்கணமும் இப்போது விளங்கும். செய்வினை நீக்கித் தரப்படும் என்பது முழுக்க முழுக்கச் செயப்பாட்டுவினை. வைத்தவரும் மறைவு, எடுப்பவரும் மறைவு. பணம் கொடுப்பவர் மட்டும்தான் ஊர் பேரோடு வர வேண்டும்.

இந்தச் சொல்லை அடக்கியது சட்டமோ பகுத்தறிவுப் பிரச்சாரமோ மட்டும் அல்ல, சென்னைப் பேச்சும்தான். கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை அடித்து நொறுக்கினால், "வச்சு செஞ்சுட்டான்" என்கிறோம். வைப்பும் செய்வினையும் சேர்ந்து உருண்டு வந்த வழக்கு இது என்பது என் ஊகம். வாசற்படிக்கு அடியில் கிடந்த இரண்டு வினைகளும் மைதானத்துக்கு வந்துவிட்டன. யார் வைத்துச் செய்தார் என்பது ஸ்கோர்போர்டில் தெரிகிறது.

இன்னும் ஒருபடி மேலே போனது "சொந்தச் செலவில் சூனியம்". வேலையை விட்டுவிட்டு ஷேரில் பணம் போட்டவர், குடும்ப வாட்ஸப் குழுவில் மாமனாரைத் திருத்தப் போனவர், சும்மா இருந்த மேலதிகாரியிடம் போய் யோசனை சொன்னவர் எல்லோரும் தயங்காமல் சொல்கிறார்கள்: "நானே வச்சுக்கிட்டேன், சொந்தச் செலவுல." மூவாயிரம் ஆண்டுகளாகக் கிருத்யா, வலகம், ஃபெய்திசோ, செய்வினை என்று பெயர் மாற்றி மாற்றி ஒளிந்திருந்த வாக்கியத்துக்கு ஒருவழியாக எழுவாய் கிடைத்திருக்கிறது. தன்மை ஒருமை. செய்தவரும் படுபவரும் ஒருவரே. செலவுக் கணக்குக்கூட இருக்கிறது.